பூரண நலம், எடை இரண்டு கிலோ

அறுவை சிகிச்சை முடிந்த பதினோராம் நாள், எடை அளவுத் துறையிலிருந்து முத்திரையக்காவுக்கு ஒரு வாழ்த்துக் கடிதம் வந்தது. தாங்கள் பூரண நலம் பெற்றது அறிந்து துறை பெருமகிழ்ச்சி அடைகிறது என்று எழுதியிருந்தார்கள். அந்த நேரத்தில் அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, ஒரு சின்னத் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்தபடி, தொண்டை வரை வந்துவிட்ட இருமலை எப்படியாவது உள்ளேயே திருப்பி அனுப்பிவிடப் போராடிக்கொண்டிருந்தாள். இருமினால் அடிவயிற்றில் தையல் போட்ட இடம் உயிரை எடுக்கும். விரல்கள் வீங்கிக் கிடந்ததால் உறையைக் கிழிக்கக்கூட அவளால் முடியவில்லை. தங்கைதான் கிழித்து வாசித்துக் காட்டினாள்.

விஷயம் இரண்டாம் பத்தியில் இருந்தது. தங்கள் பெயர் நிரந்தர நோயாளிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. தங்கள் நீல அட்டை இனிச் செல்லாது. நோயே இல்லாதவருக்கு ஆறு வார ஓய்வு தேவைப்படாது என்பதால் தங்கள் விடுப்பு பதினான்கு நாட்களாகக் குறைக்கப்படுகிறது. வரும் திங்கட்கிழமை காலை எடைக்கல் பிரிவில், நின்று செய்யும் பணியில் சேரவும். கீழே, வாழ்த்துகளுடன் என்று ஒரு கையெழுத்து.

எடை அளவுத் துறை என்பது லேசுப்பட்ட இடம் இல்லை. ஊரில் உள்ள ஒவ்வொரு கடையின் எடைக்கல்லும் தராசும் வருடத்துக்கு ஒருமுறை அங்கே வந்து தலையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். கிலோவுக்கு இரண்டு கிராம் குறைந்தாலும் கடைக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள். அங்கே பன்னிரண்டு வருடம் சுத்தியலும் கையுமாக நின்று, சரியான கற்களில் துறையின் முத்திரையை அடித்தவள் இவள். பெயரே அதனால் ஒட்டிக்கொண்டதுதான். அப்புறம் முடக்குவாதம் வந்தது. காலையில் கண் விழித்தால் மடங்கிய விரல்களைப் பிரிக்கவே முக்கால் மணி நேரம். துறை பெரிய மனசு பண்ணி அவளுக்கு நீல அட்டை கொடுத்தது. அட்டைக்கு மூன்று சலுகைகள்: முதுகு சாயும் நாற்காலி, தராசுகளைச் சோதிக்கும் உட்கார்ந்த வேலை, கல் தூக்குவதிலிருந்து விலக்கு. ஒன்பது வருடமாக அந்த நாற்காலியில்தான் அவள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இது போதாதென்று கர்ப்பப்பையில் கட்டிகள். மூன்று வருடம், மாதத்தில் பாதி நாள் ரத்தம் போனது. உடம்பு வெளிறி, உட்கார்ந்து எழுந்தாலே கண்ணைக் கட்டியது. எடுத்துவிடுவதுதான் வழி என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஆனால் முடக்குவாத மாத்திரை புண்ணை ஆற விடாதாம். அதனால் அறுவைக்கு முன்னும் பின்னும் அதை நிறுத்த வேண்டியிருந்தது. நிறுத்தினால் மூட்டுகள் சும்மா இருக்குமா? வயிற்றைக் கவனித்தால் மூட்டு வீங்கும், மூட்டைக் கவனித்தால் வயிறு ஆறாது. ஆறு வாரம் படுக்கையில் இருக்க வேண்டும், இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, மீறினால் திரும்ப என் மேசைக்குத்தான் வருவாய் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லி, அதையே எழுத்திலும் கொடுத்திருந்தாள். மீதி நான்கு வாரம் படுத்துக் கிடக்க வேண்டும், பிறகு அந்த நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். முத்திரையக்கா இதற்கு மேல் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

மறுநாள் தங்கை கடையைப் பூட்டிவிட்டு அவளை வாடகை வண்டியில் அழைத்துப் போனாள். தங்கைக்குத் தையல் தொழில். வயிற்றில் அழுத்திப் பிடிக்கும் அந்தத் தலையணைக்குக்கூட மஞ்சள் பூப்போட்ட துணியில் உறை தைத்துக் கொடுத்திருந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் அக்கா அந்தப் பூக்களை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

நலப்பிரிவு எழுத்தர் தங்கமான மனிதர். யாரையும் நிற்க வைத்துப் பேசுவது அவருக்குப் பிடிக்காது. அறையில் இருந்த ஒரே நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்ததால் அக்கா நின்றாள்.

அவர் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். அதில் மொத்தம் இரண்டே பகுதிகள். ஒன்று பொது நோய்கள், மற்றது பெண்கள் நோய்கள். ஒன்பது வருடத்துக்கு முன்பு முடக்குவாதத்தை எதில் சேர்ப்பது என்று அவர் இரண்டு நாள் யோசித்திருக்கிறார். டாக்டர் கொடுத்த கடிதத்தில், இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகிறது என்று ஒரு வரி இருந்தது. அது போதாதா? பெண்கள் நோய்கள் பகுதியில், மாதவிலக்குக் கோளாறுக்கும் பிரசவத்துக்குப் பிந்தைய கோளாறுக்கும் நடுவில், மணிமணியான கையெழுத்தில் முடக்குவாதத்தை எழுதிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரிச் சீட்டில் கர்ப்பப்பை முழுவதுமாக அகற்றப்பட்டது என்று வந்திருக்கிறது. பெண்கள் நோய்க்குக் காரணமான உறுப்பு போய்விட்டால் அந்தப் பக்கத்தை மூட வேண்டும் என்பது விதி. மூடிவிட்டார். குறுக்கே இரண்டு சிவப்புக் கோடுகள், ஸ்கேல் வைத்துப் போட்டவை.

"சார், எனக்கு வாதம் முட்டியிலயும் விரல்லயும்தான். கர்ப்பப்பையில இல்ல."

"எனக்குத் தெரியாதாம்மா? பதிவேட்டுக்குத் தெரியணுமே."

தப்பாக எழுதியதைத் திருத்திவிடலாமே என்று தங்கை கேட்டாள். எழுத்தர் பதறிப்போனார். திருத்தினால், ஒன்பது வருடமாகத் தப்பான பகுதியில் அக்கா சலுகை அனுபவித்தது வெளியே வந்துவிடும். அது அவளுக்குத்தான் தலைவலி. அவள் நன்மையை நினைத்தே தான் திருத்தாமல் இருப்பதாகச் சொல்லி, குரலையும் தாழ்த்திக்கொண்டார். வேண்டுமானால் மருத்துவக் குழுவிடம் முறையிடலாம். குழுவைப் பார்க்க நீல அட்டை வேண்டும். அட்டைதான் ரத்தாகிவிட்டதே என்றதும், ரத்தான அட்டையை ஒரு நாளைக்கு மட்டும் இரவல் தருவதாக ஒரு தாளில் எழுதி, அக்காவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவள் மூடாத விரல்களில் பேனாவைச் செருகிக் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். சொன்னேன் அல்லவா, தங்கமானவர்.

மருத்துவக் குழு இரண்டாம் மாடியில் இருந்தது. கம்பிக் கதவு போட்ட லிஃப்ட் ஒன்றும் இருந்தது. ஆனால் அது மூலக்கற்களுக்கானது. ஊரின் எல்லாக் கற்களையும் எந்தக் கற்களோடு வைத்துச் சரிபார்க்கிறார்களோ அவைதான் மூலக்கற்கள். அவை அதிரக் கூடாது, வெயில் படக் கூடாது, படி ஏறக் கூடாது. ஆகவே கற்கள் லிஃப்டில் போகும், ஆட்கள் படியில் போவார்கள். வயிற்றைக் காட்டி அக்கா லிஃப்ட்காரரிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"கல்லுன்னா எடை தெரியும்க்கா. எல்லாத்துலயும் முத்திரை இருக்கு. உங்களுக்கு யாரு முத்திரை போட்டிருக்கா?" என்றார் அவர். அதில் நக்கல் ஏதும் இல்லை. விதியைத்தான் சொன்னார்.

முப்பத்தெட்டுப் படிகள். ஒரு கை தலையணையில், ஒரு கை தங்கையின் தோளில். முட்டியை மடக்கினால் முட்டி கத்தியது, காலைத் தூக்கினால் வயிறு கத்தியது. பத்தொன்பதாம் படியில் சின்னதாக ஒரு திருப்பம் இருந்தது. அங்கே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள். ஏறி முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆனது.

குழுவில் மூன்று பேர். தலைவர் கண் டாக்டர். உறுப்பினர் பல் டாக்டர். மூன்றாமவர் ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டது. அவருடைய நாற்காலி காலியாக இருந்தது, அதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரும் மூடி வைக்கப்பட்டிருந்தது. மூவரும் ஒத்துப்போனால்தான் முடிவு செல்லும் என்பதால், மூன்றாமவர் ஆட்சேபிக்கவில்லை என்று ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்வார்கள். அந்தக் காலி நாற்காலியில் கொஞ்சம் உட்காரலாமா என்று அக்கா கேட்டாள். அவர் வந்தால் சங்கடமாகிவிடும் என்றார் பல் டாக்டர்.

கண் டாக்டர் அவளைச் சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படித்தாள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, கீழ்க் கடைவாயில் ஒன்றைத் தவிர எல்லாம் உறுதி என்றார். வயிற்றை யாரும் பார்க்கவில்லை. விரல்களை நீட்டிக் காட்டினாள். அதற்குரிய பக்கம் மூடப்பட்டுவிட்டதால் பார்க்க இயலாது என்று வருத்தம் தெரிவித்தார்கள்.

"ரெண்டு மாடி ஏறி வந்துட்டீங்களேம்மா," என்றார் தலைவர் பாராட்டுகிற தொனியில்.

"லிஃப்ட்ல விடலை சார்."

"விட்டிருந்தா உங்களால ஏற முடியும்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

பிறகு அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முதுகு சாயும் நாற்காலி அது. அக்காவின் கண் அதிலேயே இருந்தது.

"நாங்க வலியை மறுக்கவே இல்ல. இந்தக் குழு அளவுக்கு வலிக்கு மரியாதை குடுக்கற குழு எங்கயும் கிடையாது. ஆனா வலின்னு இருந்தா அதுக்கு ஒரு சொந்தக்காரர் வேணும். உங்க வயித்து வலி கர்ப்பப்பையோடது. அது இப்ப உங்ககிட்ட இல்ல. மூட்டு வலி மூடின பக்கத்தோடது. அதுவும் இல்ல. மிச்சம் இருக்கறது களைப்பு. அது எல்லாருக்கும் வர்றது. எனக்கே மத்தியானம் சாப்பிட்டதும் வருது. நான் லீவா கேக்கறேன்?"

பூரண நலம் என்று எழுதினார்கள். மூன்றாமவர் ஆட்சேபிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால்கூட அக்கா தேய்ந்த முட்டிகளோடு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் பல் டாக்டருக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வந்துவிட்டது. நிரந்தர நோயாளிகள் பதிவேட்டிலிருந்து இதுவரை பெயர் நீங்கியவர்கள் பதினேழு பேர். பதினேழு பேரும் செத்து நீங்கியவர்கள். உயிரோடு நீங்கிய முதல் ஆள் இவள்தான். சேதி இயக்குநர் காதுக்குப் போனதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. திங்கட்கிழமை பாராட்டு விழா என்று அன்று மாலையே உத்தரவு வந்தது.

தங்கை போகவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஆனால் உத்தரவைக் கொண்டுவந்த எழுத்தர் ஓர் இரகசியம் சொல்லியிருந்தார். விழாக்களில் இயக்குநர் மனசு இளகியிருப்பார், அப்போது மனுவை நேரில் நீட்டினால் வாங்கிக்கொள்வார், அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் மூடிய பக்கம்கூடத் திறக்கும். அக்கா அதையே பிடித்துக்கொண்டாள். நான்கு வாரப் படுக்கை, நாற்காலி. சனி ஞாயிறு இரண்டு நாளும் படுத்தபடியே அவள் சொல்லச் சொல்ல, தங்கை திட்டிக்கொண்டே மனுவை எழுதினாள்.

"அறுந்தா மறுபடி தைச்சுக்கறதுக்கு இது என்ன சட்டையாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அக்கா மனுவின் அடுத்த வரியைச் சொன்னாள்.

விழா தரைத்தள மண்டபத்தில் நடந்தது. பதிவேட்டில் மிச்சம் இருந்த நாற்பத்தொரு நோயாளிகளையும் அழைத்து வந்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மேடையில் அலங்காரத்துக்காக ஒரு பெரிய மேசைத் தராசு. போன மாதம்தான் அக்கா அதைச் சோதித்து முத்திரை குத்தியிருந்தாள். பக்கத்தில் பட்டுத்துணி மூடிய ஒரு பொருள். பாராட்டப்படுகிறவர் நின்றுதான் பாராட்டைக் கேட்க வேண்டும் என்பதால் அவளுக்கு நாற்காலி போடவில்லை. இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார்.

"கடைக்காரன் ரெண்டு கிராம் ஏமாத்தினா நாம விடறதில்ல. அதே மாதிரி ஒரு நோய் நம்மள ஏமாத்தறதையும் நாம விடறதில்ல. இந்த அம்மா ஒன்பது வருஷமா வாதத்தோட இருந்தாங்க. எத்தனை டாக்டர், எத்தனை மாத்திரை. யாராலயும் முடியல. நம்ம பதிவேடு ஒரே நாள்ல குணப்படுத்திடுச்சு. மருந்து இல்ல, ஊசி இல்ல. ரெண்டு சிவப்புக் கோடு, ஒரு கையெழுத்து. இந்த வருஷம் முடியறதுக்குள்ள, முன்னாடி உக்காந்திருக்கற நாப்பத்தொரு பேரையும் இதே முறையில குணப்படுத்திடுவோம்னு உறுதி சொல்றேன்."

முதல் வரிசையில் யாரும் கை தட்டவில்லை. பின்வரிசைகளில் நன்றாகத் தட்டினார்கள்.

பட்டுத்துணியை விலக்கினார்கள். பூரண நலச் சான்றிதழ், கனத்த உலோகச் சட்டத்துக்குள் கண்ணாடி போட்டு இருந்தது. கடைகளில் பிடிபட்ட கள்ள எடைக்கற்களை உருக்கி வார்த்த சட்டமாம். அதன் மூலையில் எடை இரண்டு கிலோ என்று பொறித்திருந்தார்கள். டாக்டரம்மாவின் சீட்டை எழுத்தர் கோப்பில் பார்த்து வைத்திருந்து, அக்காவுக்குச் சிரமம் வரக் கூடாதென்று அவரே முன்னின்று பொறிக்கச் சொன்னாராம். சட்டத்தை இரண்டு ஆட்கள் சேர்ந்து தூக்கி வந்தார்கள்.

இருபத்தொரு வருடம் எடையிலேயே வாழ்ந்தவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. அவள் சண்டை போடவில்லை. அந்த இரண்டு ஆட்களிடம், ஒரு நிமிஷம் தராசில் வையுங்கள் என்று மட்டும் சொன்னாள். பழக்கதோஷத்தில் அவர்களும் வைத்துவிட்டார்கள். முள் ஆறு கிலோ நானூறில் போய் நின்றது. மண்டபம் முழுக்க எடை பார்க்கத் தெரிந்தவர்கள். எல்லோரும் பார்த்தார்கள்.

இயக்குநர் முள்ளைப் பார்த்தார். பொறித்திருந்ததைப் பார்த்தார். அவருக்கு முடிவெடுக்க நேரமே பிடிக்கவில்லை.

"தராசு தப்பு," என்றார். "துறை பொறிச்சது பொய்யாகாது. சீல் வைங்க."

அங்கேயே அரக்கு உருக்கித் தராசுக்குச் சீல் வைத்தார்கள். பிறகு, சட்டம் இரண்டு கிலோதான் என்று உறுதியாகிவிட்டதால், படம் எடுக்க அதைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். அக்கா மனுவை நீட்டினாள். முதலில் படம், பிறகு மனு என்றார் இயக்குநர். புகைப்படக்காரர், மஞ்சள் பூ சரியாக வராது, அந்தத் தலையணையை ஓரமாக வைத்துவிடுங்கள் என்றார். அவள் அதைத் தராசு மேசையில் வைத்தாள். நான்கு வாரப் படுக்கையை நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூடாத விரல்களைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்துத் தூக்கினாள்.

இன்னும் கொஞ்சம் மேலே என்றார் புகைப்படக்காரர். தூக்கினாள். சிரிங்க என்றார். அடிவயிற்றில் ஒரு பொத்தான் தெறித்தது போல் இருந்தது, அதைத் தொடர்ந்து வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது. அந்தப் படத்தில் அவள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். துறையின் ஆண்டு மலரில் அதைப் பார்க்கலாம்.

இயக்குநர் சொன்ன சொல் தவறாதவர். மனுவை வாங்கினார், படித்தார், சான்றிதழைப் பார்க்கவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொள்ள அக்கா நிற்கவில்லை. முதல் வரிசையில் இருந்த மூன்று நோயாளிகள் எழுந்து வந்து அவளைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. மூன்று விரல் நீளத்துக்குப் பிரிந்த காயத்தைக் கழுவி மறுபடி தைத்துவிட்டு, ஆறு வாரத்தை இன்றிலிருந்து திரும்ப எண்ணச் சொன்னாள். மாத்திரையை இன்னும் நிறுத்தி வைக்க வேண்டும் என்றாள். அக்கா வீங்கிய விரல்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான்காம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே துறையின் ஆள் வந்து ஓர் உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். விழா மேடையில் இருந்த தராசு பிழையானது என்று இயக்குநரே கண்டறிந்திருக்கிறார். அதில் இருப்பது தங்கள் முத்திரை. பிழையான தராசுக்கு முத்திரை குத்தியது பெருங்குற்றம். விசாரணை முடியும்வரை தாங்கள் ஆறு வாரத்துக்குப் பணியிடை நீக்கம் செய்யப்படுகிறீர்கள். இந்தக் காலத்தில் எந்தப் பணியும் செய்யக் கூடாது, எந்தக் கல்லையும் தொடக் கூடாது.

ஆறு வாரம். தங்கை இரண்டாம் முறை வாசித்துக் காட்டினாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தையல் இழுக்கும் என்பதால் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கெஞ்சிக் கேட்டபோது கிடைக்காத ஓய்வு, தண்டனை என்ற பெயரில் வீடு தேடி வந்திருக்கிறது. வந்த பெயர் எதுவாக இருந்தால் என்ன என்று நினைத்தாள்.

தங்கை தாளைத் திருப்பினாள். பின்பக்கமும் எழுதியிருந்தது. பணியிடை நீக்கத்தில் இருப்பவர் ஊரை விட்டுப் போகவில்லை என்பதற்குச் சான்றாக, வரும் திங்கள் முதல் தினமும் காலை பத்து மணிக்கு இரண்டாம் மாடி விசாரணை அறையில் நேரில் கையெழுத்திட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வேலையை விட்டு ஓடிவிட்டதாகக் கருதப்படும். உடல்நலக் காரணம் சொல்ல வழியில்லை, தங்களிடம் பூரண நலச் சான்றிதழ் இருக்கிறது.

திங்கட்கிழமை அக்கா போனாள். இந்த முறை வயிற்றில் பிடிக்க ஒன்றும் இல்லை, தலையணை விழா மேடையிலேயே நின்றுவிட்டது. துண்டைச் சுருட்டிப் பிடித்துப் பார்த்தாள், அது நழுவிக்கொண்டே இருந்தது. தங்கை பின்னால் நின்று இடுப்பைத் தாங்கினாள். பத்தொன்பதாம் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

அப்போது பக்கத்தில் லிஃப்ட் மேலே வந்தது. கம்பிக் கதவுக்குப் பின்னால் நலப்பிரிவு எழுத்தரும் அரக்குச் சீல் வைத்த தராசும் இருந்தார்கள். தராசு வழக்கின் சாட்சிப் பொருள், விசாரணை அறைக்குப் போகிறது. வழியில் அதிர்ந்துவிடக் கூடாது என்று அதற்கு அடியில் மெத்தென்று ஏதோ வைத்திருந்தார்கள். அக்கா உற்றுப் பார்த்தாள். மஞ்சள் பூக்கள்.

"சார், அது என்னோடது," என்றாள்.

எழுத்தர் லிஃப்டை ஒரு கணம் நிறுத்தச் சொன்னார். அவர்தான் நல்லவராயிற்றே.

"தெரியும்மா. உங்க பேர்லதான் வரவு வெச்சிருக்கேன். தராசுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது பாருங்க. விசாரணை முடிஞ்சதும் பத்திரமா திருப்பிக் குடுத்துடுவோம்."

லிஃப்ட் ஆடாமல் அசையாமல் மேலே போனது. தங்கை வாய்விட்டு அழ ஆரம்பித்தாள். பத்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. முத்திரையக்கா இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு இருபதாம் படியில் காலை வைத்தாள்.